277 பேர், 14 பேர், ஒரு பேர்

வேலூர் லாங் பஜார் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு அந்த மணிக்கூண்டு தெரிந்திருக்கும். சுற்றிலும் காய்கறி, பூ, மளிகை மூட்டைகள், ஆட்டோ ஹாரன். நடுவில் அது பாட்டுக்கு நிற்கும். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நூறு தடவையாவது அதைத் தாண்டியிருப்பேன். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்பதையே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கவனித்தேன். 1914-18 பெரும் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அவ்வளவுதான். யார் அந்த 14 பேர் என்று இல்லை.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்களை எண்ணும்போது நாம் 'பேர்' என்றுதான் சொல்கிறோம். பத்துப் பேர், நூறு பேர். எண்ணிக்கைக்குள்ளேயே பெயர் இருக்கிறது. அந்தக் கல்லில் 277 பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒரு பேர்கூட இல்லை.

அன்றைக்கு அந்தக் கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவர் இருந்தார். அடுத்த போரில். அவரைத் தேடிப் போனதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி வரலாறு, பாதி வீட்டுக் கதை. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

வீட்டில் சொன்ன கதை

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன். 1942 கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது அவர் மனைவி முழுகாமல் இருந்தார். 1943-இல் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் என் அத்தை, இப்போது எண்பதைத் தாண்டியவர். அப்பா முகத்தை அவர் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை.

பிறகு ஒரு தந்தி வந்ததாம். ஆங்கிலத் தந்தி. தெருவில் படித்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஆளைக் காணோமாம்" என்று சொன்னாராம். நான் கேட்டு வளர்ந்த கதை அதோடு முடிகிறது: பெரிய தாத்தா பர்மாவில் காணாமல் போனார், பெரிய ஆயா அவருக்காகக் காத்திருந்தார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) 1986-இல் சாகிறவரைக்கும் ஆயா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை.

வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குத் தாத்தா படையல் போடுவார். இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அண்ணன் பேருக்கு வாயெடுப்பார். உடனே உள்ளேயிருந்து ஆயாவின் குரல் வரும்: "செத்தத யாரு பாத்தாங்க?" தாத்தா நிறுத்திக்கொள்வார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் மகாளய அமாவாசை என்று ஒரு நாளையே நம் முன்னோர் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நாளில்கூட பெரிய தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் இடம் இல்லை.

இந்தக் கதையை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த மனைவி! கேட்டவர்கள் எல்லாரும் கண் கலங்குவார்கள். அந்தக் கதை முழு உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாய்க்கும் பேர் எழுதிய ஊர்

போரில் இறந்தவனின் பேரை எழுதிவைக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். நமக்கு நடுகல் இருந்தது. தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதாவது தகுந்த கல்லைத் தேடிப் பார்க்கணும், நாள் குறித்து எடுத்து வரணும், நீராட்டணும், நடணும், படையல் போடணும், வாழ்த்தணும். செத்தவனுக்காக ஓர் ஊரே கூடிச் செய்த வேலை இது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலையும் அதில் இறந்தவனின் பேரையும் சொல்கிறது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் சண்டை. எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்துக் கற்கள் நிறைய. பெரும்பாலும் ஒரே அமைப்பு: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர்ச் சண்டை, இன்னாருடைய ஆள், பேர் இது, பட்டான். பக்கத்தில் வில்லோடும் வாளோடும் ஓர் உருவம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். மாட்டுச் சண்டையில் கருந்தேவக்கத்தி என்கிற வீரன் இறந்துபோகிறான். அவனோடு அவன் நாயும் சிற்பத்தில் நிற்கிறது. திருட வந்தவர்கள் இரண்டு பேரை அந்த நாய் கடித்துக் காத்தது என்று கல் சொல்கிறது. நாயின் பேரையும் சொல்கிறது: கோவிவன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு கிராமம் நாயின் பேரைக்கூட விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில், அச்சு இயந்திரம், தந்தி, சம்பளப் பட்டியல் எல்லாம் வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யம் வேலூர் மணிக்கூண்டில் 14 என்று எழுதிவிட்டுப் போய்விட்டது.

உடல் வராத போர்

ஆனால் அதே சாம்ராஜ்யம்தான் மிகப் பெரிய ஒரு பேர்ப் பட்டியலையும் தொடங்கியது. அது எப்படி என்று பார்க்கலாம்.

முதல் உலகப் போரில் செத்தவர்களின் உடல்களை ஊருக்கு அனுப்புவதில்லை என்று பிரிட்டன் முடிவெடுத்தது. எண்ணிக்கை அவ்வளவு. பணக்காரக் குடும்பம் மட்டும் காசு கொடுத்து மகனைக் கொண்டுவந்துவிடும், ஏழை வீட்டுப் பிள்ளை அங்கேயே கிடப்பான் என்கிற நியாயமும் இருந்தது. உடலைத் தராவிட்டால் வேறு எதையாவது தரணுமே? அதுதான் பேர். ஃபேபியன் வேர் என்பவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒரு குழுவோடு பிரான்ஸுக்குப் போய், கல்லறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்க ஆரம்பித்தார். அது வளர்ந்து 1917 மே மாதம் இம்பீரியல் போர்க் கல்லறைகள் ஆணையம் ஆனது. 1960-இல் இம்பீரியல் போய் காமன்வெல்த் வந்தது. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவை இந்த ஆணையம் பராமரிக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம் அவர்களுடையதுதான்.

ஆணையத்தின் விதிகள் எளிமையானவை. இறந்த ஒவ்வொருவர் பேரும் கல்லறையிலோ நினைவுச் சின்னத்திலோ இருக்க வேண்டும். கல் நிரந்தரமாக இருக்க வேண்டும். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பதவி, இனம், மதம் என்று வித்தியாசம் கூடாது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரக் கல். 1920-இல் இது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெரிய சண்டையானது. தங்கள் பிள்ளைக்குத் தனியாகச் சிலுவை வைக்க விரும்பிய குடும்பங்கள் எதிர்த்தன. ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை.

படிக்கும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் விதி எழுதிய இடத்தில் ஒன்று, நடைமுறையில் ஒன்று.

பிரான்ஸில் நூவ் ஷப்பேல் என்கிற இடத்தில் 1927-இல் இந்தியர்களுக்கென்றே ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பேர்கள் அங்கே உள்ளன. பெல்ஜியத்தில் மெனின் வாயிலிலும் இந்தியப் பேர்கள் உண்டு. ஆனால் இந்தியச் சிப்பாய்கள் மிக அதிகமாகச் செத்த இடங்களில் ஒன்று மெசபடோமியா, இன்றைய இராக். அங்கே பஸ்ராவில் வைத்த நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பேர் இருக்கிறது, இந்திய அதிகாரிகளுக்குப் பேர் இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு இல்லை. ரெஜிமென்ட் பேரைப் போட்டு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். ஐரோப்பியர்கள் பார்க்கிற இடத்தில் பேர், பார்க்காத இடத்தில் நம்பர்.

இது ஏதோ நம்மவர் கோபத்தில் சொல்லும் குற்றச்சாட்டு இல்லை. 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரைகூட, பேர் இல்லாமலோ அடியோடு பதிவே இல்லாமலோ விடப்பட்டிருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

வேலூர்க் கல்லில் ஏன் எண் மட்டும் என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் பிடிபட்டது. அந்தக் கல், போனவர்களின் வீட்டாருக்காக எழுதியது இல்லை. இந்த ஊர் ராஜாவுக்கு இத்தனை ஆள் கொடுத்தது என்று சொல்லும் ரசீது அது. ரசீதில் எண் போதும்.

எந்தச் சுவரிலும் இல்லாதவர்கள்

முதல் போரில் 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள், 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் போரில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள், சுமார் 87,000 பேர் இறந்தார்கள். இதில் மதராஸ் ஆட்களின் கதை கொஞ்சம் கசப்பானது. 'போர் இனம்' என்று ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு, தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று பிரிட்டிஷார் 1920-களில் மதராஸ் ரெஜிமென்ட்டையே கலைத்துவிட்டார்கள். சாப்பர்ஸ் மட்டும் மிச்சம். அடுத்த போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1940-களில் அதே மதராஸ் ரெஜிமென்ட் திரும்ப வந்தது. அதற்கும் மேலே, சாலை போட, பள்ளம் வெட்ட, சரக்கு இறக்க இந்தியன் பயனியர் கோர் என்று ஒரு பிரிவு. துப்பாக்கியைவிட மண்வெட்டி அதிகம் பிடித்த கைகள். எங்கள் பெரிய தாத்தா அதில்தான் இருந்தார்.

இவர்களுக்கு ஊரில் எங்கே இடம்? டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பேர்கள் உண்டு, அவை முதல் போரையும் 1919 ஆப்கன் போரையும் சேர்ந்தவை. 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பேர்கள், அவை சுதந்திரத்துக்குப் பிந்தையவை. 1939-45 ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

விழுந்ததற்குக் காரணமும் இருக்கிறது. 1942-இல் ஊரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஜெயிலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். அதே வருஷம் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவரைப் பற்றி எப்படிப் பெருமை பேசுவது? அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் இந்திய தேசிய ராணுவம் இருந்தது, அதில் மலாயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களுக்காக சிங்கப்பூரில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை செப்டம்பரிலேயே இடித்துத் தள்ளியது. அந்த இடத்தில் 1995-இல்தான் ஓர் அடையாளக் கல் வந்தது. எந்தக் கல் நிற்கும், எந்தக் கல் விழும் என்பதைச் செத்தவர்கள் முடிவு செய்வதில்லை.

ஒரு வரி

தேடல் ஒன்றும் பெரிய சாகசம் இல்லை. ஆணையத்தின் இணையத்தளத்தில் பேர்களைத் தேடும் வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். நம்ம ஊர்ப் பேரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். முனுசாமி என்றால் முனிசாமி, மூனுசாமி, முனுஸ்வாமி என்று ஏழெட்டு விதம் வரும். பெரிய தாத்தாவின் பேரை நான் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். பத்துக்கும் ஒன்றும் இல்லை. பதினோராவதில் வந்தது.

ரங்கூன் நினைவுச் சின்னம். இன்றைய யாங்கோனுக்கு வடக்கே டௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பேர்களை அதன் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று அவருடையது. இந்தியன் பயனியர் கோர். ஆள் எண். 1944-இல் ஒரு தேதி. அப்புறம் ஒரு வரி: இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர், வட ஆற்காடு, இந்தியா.

தகப்பன் பேரும் ஊர்ப் பேரும் ஒத்துப்போனது. மனைவி பேர் இருந்த இடத்தில் ஆயாவின் பேர்.

அந்தக் காலத்துப் பெண்களைப் போல ஆயாவும் புருஷன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்ப்பார். அந்த இரண்டு பேரும் ஒன்றாக எழுதியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலில் சந்தோஷம்தான். அடுத்த நிமிஷமே வயிற்றைக் கலக்கியது. இறந்த தேதி 1944. ஆயா இறந்தது 1986. 42 வருஷம் ஒரு தேதி ஏதோ ஒரு ரிஜிஸ்டரில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் ஒரு மனுஷி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று நினைத்தேன். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? மூன்று வாரம் சொல்லவில்லை.

அத்தை சொன்னது

குடியாத்தத்தில் அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்து ஒருவழியாகச் சொன்னேன். தேதியைச் சொன்னதும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை.

"எங்க அம்மா பேரு போட்டுருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு அத்தை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குத் தெரியும் கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மாசா மாசம் மணியார்டர் வரும். நைனா சம்பளம்னு வீட்டுல சொல்லிப்பாங்க. வருசத்துக்கு ஒருதரம் அம்மா கச்சேரிக்குப் போயி, மறுகல்யாணம் பண்ணிக்கலன்னு கைநாட்டு வெச்சிட்டு வருவா. நானும் கூடப் போயிருக்கேன். மறுகல்யாணம் பண்ணிக்கலன்னு எழுதிக் குடுக்கறவளுக்கு, புருசன் இருக்கானா இல்லையான்னு தெரியாதா?"

அது சம்பளம் இல்லை, குடும்ப பென்ஷன். தாத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. கொழுந்தனும் அண்ணியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"அப்புறம் ஏன்...?"

"இருவத்தோரு வயசுப் பொம்பள. கைல ஒரு பொட்டப் புள்ள. தாலிய எடுத்துட்டா எந்த மூலைல குந்த வெப்பாங்க? நல்லது கெட்டதுக்கு எதிர்ல வர முடியுமா? தாலி இருக்கறவரைக்கும் அவ இந்த வீட்டு மூத்த மருமவ. என் கல்யாணத்துல அவதான் முன்ன நின்னு ஆரத்தி எடுத்தா. காணோம்னு அந்தத் தந்தில இருந்த ஒரு வார்த்தைய அவ கெட்டியா புடிச்சிக்கினா."

'செத்தத யாரு பாத்தாங்க' என்று ஆயா உள்ளேயிருந்து கேட்டது நம்பிக்கையில் இல்லை. கொழுந்தனுக்கு நினைவூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தாத்தாவும் வருஷா வருஷம் வாயெடுத்து, வருஷா வருஷம் நிறுத்தியிருக்கிறார்.

நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காத்திருந்த மனைவியின் கதை அந்தத் திண்ணையில் கலைந்துபோனது. அதைவிடப் பெரிய ஒன்று அங்கே கிடைத்தது. ஆனால் அதைச் சொல்லி யாரையும் சட்டென்று கண் கலங்கவைக்க முடியாது.

நினைவு என்றால் என்ன?

இதற்குப் பிறகு 'நினைவுகூர்தல்' என்கிற வார்த்தையை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்துகிறேன். எனக்குத் தெளிவானவை மூன்று.

ஒன்று, பேர் முக்கியம். மரியாதை அங்கேதான் தொடங்குகிறது. எடுத்தனூர்க்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆணையத்தை உண்டாக்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் எல்லார் விஷயத்திலும் அல்ல.

இரண்டு, பேரோடு உண்மையும் வேண்டும். நான் வீட்டில் மாட்ட ஒரு பலகை செய்யலாம் என்றேன். 'வீரமரணம்' என்று போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "அவரு சண்ட போட்டாரோ, காய்ச்சல்ல கெடந்தாரோ, நமக்கு இன்னா தெரியும்? பஞ்சத்துல போனாரு. அத எழுது" என்றார். பசிக்காகப் போனார், சாலை போட்டார், திரும்பவில்லை. அவருக்கு மரியாதை செய்ய இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. அவர் யாருக்காகப் போனார், அந்தப் போர் நம்முடையதா என்று கேட்பதும் அவரை அவமதிப்பது இல்லை. கேள்வியையும் வைத்துக்கொண்டே விளக்கேற்றலாம்.

மூன்று, மறந்ததுபோல் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும். சுவரில் பேர் வெட்டுவது செத்தவருக்கு. இருந்தவர் எப்படி இருந்தார் என்பதை எந்த ஆணையமும் எழுதாது. போருக்குப் போனவர் ஒருவர். அந்தப் போரை 42 வருஷம் வீட்டுக்குள் நடத்தியவர் இன்னொருவர்.

உங்கள் வீட்டிலும் தேட நினைத்தால்

வட ஆற்காடு, தருமபுரி, திருச்சி, ராமநாதபுரம், நெல்லை என்று பல பக்கமும் பட்டாளத்துக் குடும்பங்கள் உண்டு. தேட நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். பதக்கம் இருந்தால் உருக்கிவிடாதீர்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் ஆள் எண், பேர், பிரிவு பொறித்திருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இணையத்தில் தேடும்போது தகப்பன் பேர், பழைய மாவட்டப் பேர், ஊர்ப் பேர் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று அன்றைய மாவட்டங்கள்தான் பதிவில் இருக்கும். இனிஷியலை நம்பாதீர்கள். எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். பேர் கிடைத்தாலும் தகப்பன் பேரும் ஊரும் ஒத்துவராமல் 'இவர்தான்' என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே பேரில் பல பேர் இருப்பார்கள்.

இந்த ஆணையத்தின் பட்டியல் இறந்தவர்களுக்கு மட்டும்தான். பிழைத்துத் திரும்பியவர் அதில் இருக்க மாட்டார். அவருக்கு டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் இருக்கிற மூத்த பெண்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நான் இணையத்துக்குப் போய்விட்டு அத்தையிடம் வந்தேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். அங்கே ஒரு தேதி கிடைத்தது. இங்கே ஒரு வாழ்க்கை கிடைத்தது.

இவ்வளவு எழுதிவிட்டு அவர் பேரை எங்கேயும் சொல்லவில்லையே என்று சிலர் கேட்பீர்கள். போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "அங்க கல்லுல போட்டாச்சு இல்ல, போதும். நம்ம வீட்டுப் பேரு நம்ம கூப்பிடத்தான்" என்றார். சரி என்றேன்.

போன புரட்டாசி மகாளய அமாவாசைக்கு அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாழை இலையில் சோறு, வடை, கருவாட்டுக் குழம்பு. அவருக்கு அது பிடிக்கும் என்று ஆயா ஒருதரம் சொன்னாராம். தாத்தா இல்லை, அப்பா இல்லை, அதனால் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொருவராகச் சொல்லி அந்த இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் என் குரல் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஆயா ஏதாவது சொல்வார் என்பதுபோல.

அத்தை என்னைப் பார்த்தார். "சொல்லு" என்றார்.

சொன்னேன். பக்கத்திலேயே ஆயா பேரையும்.